ஷார்ட் கோர்ஸ் ரிமோட் டிரக்: சஸ்பென்ஷனில் எதை முதலில் மாற்றுவது, அலுமினியமா நைலானா?

புழுதித்தடம் (கோயம்புத்தூர்)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1/10 அளவில், பின்சக்கர இயக்கம் கொண்ட ஷார்ட் கோர்ஸ் வகை (மண்தடப் பந்தய டிரக்கின் சிறு வடிவம்) ரிமோட் டிரக் ஒன்று உள்ளது. மனை பிரித்துப் போட்டு இன்னும் வீடுகள் எழும்பாத ஓரிடத்தில் நண்பர்களோடு அதை ஓட்டுகிறேன். தரை செம்மண், ஆங்காங்கே எல்லைக்கற்களும், சாலையோரத்தில் சிமென்ட் விளிம்பும் உண்டு. அண்மையில் முன்புற வலது ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கை) ஓர் எல்லைக்கல்லில் மோதி உடைந்துவிட்டது. வெளிப்புற ‘பின்’ (கீல் ஊசி) நுழையும் துளையை ஒட்டிய இடத்தில் பிளாஸ்டிக் முதலில் வெளுத்து, பிறகு கீறல் விட்டு, கடைசியில் துண்டாகியிருக்கிறது.

இது தவிர இன்னும் மூன்று குறைகள் உள்ளன. ஷாக்குகளின் (அதிர்வுதாங்கிகளின்) அடிப்பகுதியில் எண்ணெய் கசிந்து, அதன் மேல் புழுதி அப்பிக்கொள்கிறது. மேட்டிலிருந்து தாவி இறங்கும்போது வண்டி ஒரு முறை தரையில் அடித்துவிட்டுத் திரும்பவும் எகிறுகிறது. வேகமாகத் திருப்பினால் பக்கவாட்டில் கவிழ்கிறது.

இணையக் கடையொன்றில் நீல நிறத்தில் முழு அலுமினியத் தொகுப்பு கிடைக்கிறது. அதில் நான்கு ஆர்ம், ஹப் (பின்சக்கர அச்சைத் தாங்கும் பாகம்), ஸ்டீயரிங் பிளாக் (முன்சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் பாகம்), ஷாக் டவர் (ஷாக்கின் மேல்முனையைத் தாங்கும் தகடு), ஷாக் ஆகிய எல்லாமே அடக்கம். இதை ஒரே முறையில் வாங்கிப் பொருத்துவது நல்லதா, அல்லது ஒவ்வொன்றாக மாற்ற வேண்டுமா? ஒவ்வொன்றாக என்றால் எந்த வரிசையில் மாற்ற வேண்டும்?

பட்டறைக்காரர் (மதுரை)

தம்பி, முழுத் தொகுப்பை வாங்க வேண்டாம். அதில் சில பொருள்கள் உங்களுக்குப் பயன்படும். ஆனால் ஆர்ம் பயன்படாது, பயன்படாததோடு நிற்காமல் கெடுதலும் செய்யும். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் காரணம் புரிந்துவிட்டால் மற்ற எந்தப் பாகத்தைப் பற்றியும் நீங்களே முடிவெடுக்கலாம்.

சக்கரம் கல்லில் மோதியவுடன் அந்த அடி ஸ்டீயரிங் பிளாக், காஸ்டர் பிளாக் (ஸ்டீயரிங் பிளாக்கை ஆர்மோடு இணைக்கும் பாகம்), வெளிப்புறப் பின், ஆர்ம், உட்புறப் பின், பல்க்ஹெட் (ஆர்ம்கள் மாட்டியிருக்கும் கூடு), சேஸிஸ் (அடிச்சட்டம்) என்ற வரிசையில் உள்ளே இறங்குகிறது. வழியில் ஏதாவது ஓரிடத்தில் அந்த ஆற்றல் செலவழிந்தே ஆக வேண்டும். நைலான் ஆர்ம் வளைந்து கொடுத்துத் திரும்பவும் நிமிரும்போது அதில் பெரும்பகுதி செலவாகிவிடுகிறது. அடி அளவுக்கு மீறியதாக இருந்தால் ஆர்ம் உடைகிறது. அதைக் கழற்றி வேறொன்றைப் பொருத்தினால் அன்று மாலையே வண்டி ஓடும். அலுமினிய ஆர்ம் அந்த அளவுக்கு வளையாது, ஆகவே அதே அடி குறையாமல் பல்க்ஹெட்டைப் போய்ச் சேர்கிறது. பல்க்ஹெட் உடைந்தால் வண்டியின் முன்பகுதி முழுவதையும் பிரிக்க வேண்டும்.

இதைவிட மோசமானது, ஆர்ம் உடையாமல் சற்றே வளைந்துவிடுவது. நைலான் வளைந்தால் நிமிர்ந்துவிடும், அலுமினியம் வளைந்த இடத்திலேயே நின்றுவிடும். கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் இரண்டு பின் துளைகளும் ஒரே கோட்டில் இல்லாததால் பின் இறுகி, ஆர்ம் தன் எடையால் கீழே விழாமல் பாதியில் தொங்கும். அதற்குப் பிறகு எவ்வளவு நல்ல ஷாக் போட்டாலும் சஸ்பென்ஷன் வேலை செய்யாது.

எடையையும் பாருங்கள். நைலானின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.14 கிராம், அலுமினியத்தின் அடர்த்தி 2.7 கிராம். ஒரே வடிவத்தில் செய்தால் அலுமினிய ஆர்ம் இரண்டு மடங்குக்கும் மேல் கனக்கும். அந்தக் கூடுதல் எடையில் கணிசமான பங்கு ஸ்பிரிங் தாங்காத, சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்குகிற எடை. ஆகவே மேடுபள்ளத்தில் சக்கரம் தரையை விட்டு எழும்பினால் திரும்பி வந்து தொடுவதற்கு அதிக நேரமாகும். மேலும், எல்லா அலுமினியமும் ஒன்றல்ல. 7075-டி6 வகை நிரந்தரமாக வளையத் தொடங்கும் எல்லை சுமார் 500 மெகாபாஸ்கல், 6061-டி6 வகைக்கு ஏறத்தாழ 275 மட்டுமே. எந்தக் கலவை என்று எழுதாமல் நிறத்தை மட்டும் காட்டி விற்கும் தொகுப்பை மென்மையான வகை என்றே கருதிக்கொள்ளுங்கள்.

இது புதிதாகக் கண்டுபிடித்த உண்மையும் அன்று. டீம் அசோசியேட்டட் நிறுவனம் 1984இல் வெளியிட்ட ஆர்.சி.10 காரில் சேஸிஸ் அலுமினியம், எண்ணெய் நிரப்பிய ஷாக்குகளின் உடலும் அலுமினியம், ஆனால் ஆர்ம் மட்டும் நைலான். அலுமினியத்தைத் தாராளமாகப் பயன்படுத்தியவர்களே ஆர்மை அதில் செய்யவில்லை. அந்த அமைப்போடுதான் அது 1985இல் கலிபோர்னியாவின் டெல் மாரில் நடந்த முதல் 1/10 மண்தள உலகப் போட்டியில் பின்சக்கர இயக்கப் பிரிவை வென்றது. மண்வெட்டியின் இலையை இரும்பில் அடித்தாலும் காம்பை மரத்தில் போடுவது போன்ற ஏற்பாடு இது.

எனவே உங்களுக்குத் தேவையானது இன்னும் நல்ல நைலான் ஆர்ம். ஆர்.பி.எம். என்ற அமெரிக்க நிறுவனம் இவ்வகை டிரக்குகளுக்கென்றே தடித்த நைலான் ஆர்ம்களை வார்த்து விற்கிறது. வேறு நிறுவனங்களிலும் கிடைக்கும். வண்டியின் மாதிரிக்குப் பொருந்துகிறதா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஓடுதளம் (சிங்கப்பூர்)

பட்டறைக்காரர் ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனாலும் அலுமினியத்துக்கு எதிராக எழுதப்பட்டதாக இதை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

நைலான் வளைவது மோதலில் நன்மை, ஆனால் துல்லியம் தேவைப்படும் இடத்தில் அதுவே குறை. பின்சக்கரத்தின் ஹப் கேரியரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வேலை பேரிங்கை அசையாமல் பிடித்துக்கொள்வது. பிளாஸ்டிக் கேரியரில் பேரிங் அமர்ந்திருக்கும் குழி, நாள்பட்ட சூட்டாலும் அதிர்வாலும் தேய்ந்து விரிந்துவிடுகிறது. அதன் பிறகு பேரிங்கின் வெளிவளையமே குழிக்குள் சுழலத் தொடங்கும். சக்கரம் ஆடும், பின்பக்க டோ-இன் கோணம் (சக்கரங்களின் முன்விளிம்பு உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) ஓடும்போதே மாறும். இங்கே அலுமினியம் உண்மையிலேயே மேம்பாடு. ஸ்டீயரிங் பெல்கிராங்குக்கும் (திருப்பும் அசைவை முன்சக்கரங்களுக்குக் கடத்தும் நெம்புகோல்) இதே காரணம் பொருந்தும்.

எங்கள் ஓட்டம் பெரும்பாலும் சமன்படுத்திய தளத்தில், கல் கிடையாது, மோதினாலும் நெகிழும் குழாய்த் தடுப்பில்தான் மோதும். அத்தகைய இடத்தில் ஓட்டுபவர் விறைப்பான ஆர்மை விரும்புவதில் தவறில்லை. எல்லைக்கற்கள் உள்ள மனையில் ஓட்டுபவருக்கு அது பொருந்தாது.

பட்டறைக்காரர் (மதுரை)

நன்றி. ஹப் கேரியர், பெல்கிராங்க், ஷாக்கின் உடல், ஷாக்கின் மூடி ஆகிய நான்கிலும் நானும் அலுமினியத்தையே பரிந்துரைப்பேன். திருகு மரை தேயும் இடம், பேரிங் அமரும் இடம், எண்ணெயின் அழுத்தத்தைத் தாங்கும் இடம் ஆகியவற்றில் உலோகம் வேண்டும். அடி வாங்கும் இடத்தில் வேண்டாம். முன்புற ஸ்டீயரிங் பிளாக்கை மட்டும் நான் நைலானிலேயே விடுவேன், அடியை முதலில் வாங்குவது அதுதான்.

எண்ணெய்த்துளி (சென்னை)

ஆர்மைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. ஆனால் புழுதித்தடம் சொன்ன குறைகளில் கசிவு, எகிறல் ஆகிய இரண்டும் ஷாக்கைச் சேர்ந்தவை, அவற்றுக்குப் புதிய ஷாக் வாங்க வேண்டும் என்பதும் இல்லை. முதலில் இருப்பதைப் பிரித்துச் சீரமைத்துப் பாருங்கள். இதற்கு ஆகும் செலவு ஒரு குப்பி எண்ணெயும் ஓர் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) தொகுப்பும் மட்டுமே.

ஷாக்கைக் கழற்றி, ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, மேல்மூடியைத் திறந்து எண்ணெயை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றுங்கள். புதிய சிலிக்கான் எண்ணெய் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். உங்களுடையது சாம்பல் நிறத்தில் கலங்கி இருந்தால் உள்ளே தேய்மானப் பொடியும் புழுதியும் கலந்திருக்கின்றன என்று பொருள். அடுத்து ஷாஃப்டை (ஷாக்குக்குள் போய் வரும் தண்டை) விரல் நகத்தால் மேலிருந்து கீழாக வருடிப் பாருங்கள். நகம் எங்காவது தட்டினால் அங்கே கீறல் இருக்கிறது. கீறல் விழுந்த ஷாஃப்ட் புதிய ஓ-ரிங்கையும் விரைவில் அறுத்துவிடும், ஆகவே ஷாஃப்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். கீழ் முனையைக் கழற்றுவதற்கு ஷாஃப்டை வெறும் இடுக்கியால் பிடித்தால் அந்தக் கீறலை நாமே உண்டாக்கியவர்களாவோம். துணியோ ரப்பர் துண்டோ சுற்றிப் பிடியுங்கள்.

புதிய ஓ-ரிங்குகளில் ஒரு துளி ஷாக் எண்ணெய் தடவிப் பொருத்தியபின், பிஸ்டனை (ஷாஃப்டின் உள்முனையிலுள்ள துளையிட்ட தட்டை) அடியில் வைத்து, உடலை நிமிர்த்திப் பிடித்து எண்ணெயை நிரப்புங்கள். பிஸ்டனை மெதுவாக மேலும் கீழும் அசைத்தால் துளைகள் வழியே காற்றுக் குமிழ்கள் வரிசையாக ஏறி வருவது தெரியும். எண்ணெய் மட்டத்துக்கு மேல் பிஸ்டன் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வந்தால் மீண்டும் காற்றை இழுத்துக்கொண்டு போகும். குமிழ் நின்றபின் சில நிமிடங்கள் அப்படியே நிற்க விடுங்கள், கண்ணுக்குத் தெரியாத சிறு குமிழ்களும் மேலே வந்துவிடும். பிறகு மூடுங்கள். நான்கு ஷாக்குகளையும் முடித்ததும், இடதையும் வலதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே சமயத்தில் இரண்டு கைகளாலும் அழுத்தி, இரண்டும் ஒரே வேகத்தில் திரும்புகின்றனவா என்று பாருங்கள். இந்த இணைச் சோதனையைப் பலரும் செய்வதில்லை. இடது வலது வேறுபாட்டோடு ஓடும் வண்டி ஒவ்வொரு தாவலிலும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே இறங்கும்.

எண்ணெயின் கெட்டித்தன்மை பற்றிச் சொல்ல வேண்டும், ‘எடை’ என்று குறிப்பது அதைத்தான். இவ்வகை டிரக்குகளில் தொழிற்சாலையிலிருந்து வருவது பெரும்பாலும் 30 எடையுள்ள சிலிக்கான் எண்ணெய். குப்பியில் எழுதியிருக்கும் எடை எண் எல்லா நிறுவனங்களுக்கும் ஒன்றாக இருப்பதில்லை, ஆகவே சென்டிஸ்டோக் (பாகுத்தன்மையின் அலகு) அளவைப் பார்த்து வாங்குங்கள். பரவலாகப் பயன்படும் ஒரு கணக்கின்படி 30 எடை என்பது 350 சென்டிஸ்டோக், 40 எடை 500, 50 எடை 650, 60 எடை 800. சூட்டில் எண்ணெய் இளகும். சென்னையிலும் கோவையிலும் கோடை வெயிலில் ஓட்டும்போது, மார்கழியில் சரியாக இருந்த எண்ணெய் மெலிந்து போகும். அப்போது ஒரு படி கெட்டியான எண்ணெய்க்குப் போகலாம். உங்கள் தரைக்கு முன்னால் 35 அல்லது 40, பின்னால் 30 என்று தொடங்குங்கள். ஸ்பிரிங்கை இப்போதைக்குத் தொட வேண்டாம். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது என்ன செய்தது என்பது தெரியாது.

புழுதித்தடம் (கோயம்புத்தூர்)

எண்ணெய்த்துளி அவர்களுக்கு மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடியே பிரித்துப் பார்த்தேன். எண்ணெய் ஏறத்தாழக் கரிய நிறத்தில் இருந்தது. பின்புற ஷாக் ஒன்றில் பாதியளவுதான் மீதி இருந்தது. ஷாஃப்டுகளில் கீறல் இல்லை. ஓ-ரிங்குகளை மாற்றி, முன்னால் 40, பின்னால் 30 நிரப்பியபின் கசிவு நின்றுவிட்டது.

தாவி இறங்கும்போது எகிறுவதும் பெருமளவு குறைந்துவிட்டது. ஆனால் உயரமான மேட்டிலிருந்து இறங்கும்போது மட்டும் பின்பகுதி இன்னும் உதைத்து எழும்புகிறது. பின்னாலும் 40 போட்டுப் பார்க்கலாமா?

எண்ணெய்த்துளி (சென்னை)

உடனே கெட்டியாக்க வேண்டாம். இரண்டு வேறு காரணங்களால் ஒரே மாதிரியான எகிறல் வரலாம், அவற்றுக்கான மருந்துகள் ஒன்றுக்கொன்று எதிரானவை.

முதல் காரணம், ஷாக் முழுவதும் அமுங்கி சேஸிஸின் அடிப்பகுதி தரையில் அடித்து எழும்புவது. இரண்டாவது, பிஸ்டன் துளைகள் சிறியவையாக இருப்பதால் வேகமான அடியில் எண்ணெய் துளை வழியே போக நேரமில்லாமல், ஷாக் அமுங்காமலேயே கட்டையைப் போல நின்றுவிடுவது. முதலாவதற்குக் கெட்டியான எண்ணெய் தேவை. இரண்டாவதற்குப் பெரிய துளையுள்ள பிஸ்டன் தேவை, மெதுவான அசைவில் அதே தடை கிடைப்பதற்காக அதோடு சேர்த்து எண்ணெயைக் கெட்டியாக்கலாம்.

எது என்று கண்டுபிடிப்பது எளிது. சேஸிஸின் பின்பகுதியின் அடியில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பை ஒட்டிவிட்டு அதே மேட்டில் தாவச் செய்யுங்கள். டேப் உராய்ந்து கிழிந்திருந்தால் முதல் காரணம். டேப் அப்படியே இருந்தும் பின்பகுதி எழும்பினால் இரண்டாவது. வீட்டிலும் ஒரு சோதனை செய்யலாம்: வண்டியைப் பேட்டரியோடு முழங்கால் உயரத்திலிருந்து நான்கு சக்கரங்களும் ஒன்றாகப் படும்படி தரையில் விடுங்கள். சேஸிஸ் தரையை லேசாகத் தொட்டு, ஒரே அசைவில் தன் நிலைக்கு வந்து நின்றால் அமைப்பு சரி.

ஷாக்கின் கீழ் முனையை ஆர்மில் எந்தத் துளையில் மாட்டியிருக்கிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். சக்கரத்தின் பக்கமாக வெளித்துளைக்கு மாற்றினால் அதே ஸ்பிரிங்கும் அதே எண்ணெயும் கடினமாகும், உள்துளையில் மென்மையாகும். காசில்லாமல் செய்யக்கூடிய மாற்றம் இது.

வடபனி (டொராண்டோ)

இந்த இழையை ஆர்வத்தோடு படித்து வருகிறேன். எங்கள் ஊர்க் குளிரில் நைலானைப் பற்றிக் கற்றுக்கொண்ட ஒன்றைச் சொன்னால் அங்கும் பயன்படும்.

நைலான் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் பொருள். ஈரம் ஏறிய நைலான் நன்றாக வளையும். உலர்ந்த நைலான் விறைத்து நொறுங்கும். இங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டரால் காற்று வறண்டுவிடுகிறது, வெளியே வெப்பநிலை பூஜ்ஜியத்துக்கும் கீழே. அந்தச் சமயத்தில் கோடையில் தாங்கிய அடியைத் தாங்காமல் ஆர்ம்கள் உடைகின்றன. எனவே இங்கே பலர் புதிய நைலான் பாகங்களைப் பொருத்துவதற்கு முன் வெந்நீரில் ஊறவைக்கிறார்கள். உங்கள் ஊரின் ஈரப்பதத்தில் நைலான் தானாகவே பதப்பட்டுவிடும் என்றாலும், உறையைப் பிரித்த உடனேயே பொருத்திக் கல்லில் மோதவிடாமல், ஓரிரவு நீரில் போட்டு வைப்பதால் நட்டமில்லை.

இன்னொன்று, ஷார்ட் கோர்ஸ் டிரக்கின் அகலமான பாடி தாவும்போது காற்றைப் பிடித்துக்கொள்ளும். முகப்பு மேலே தூக்கி, பின்பகுதி முதலில் தரையில் படுகிறது. உங்களுடைய பின்பக்க உதைக்கு இதுவும் ஒரு பங்காக இருக்கலாம். பாடியின் பின்பகுதியில் திறப்புகளை வெட்டிவிட்டால் காற்று வெளியேறும். 2008இல் டிராக்ஸஸ் ஸ்லாஷ் வந்து இவ்வகை டிரக்குகள் பரவிய காலத்திலிருந்தே ஓட்டுபவர்கள் செய்துவரும் வேலை இது. ஷாக்கை மாற்றுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

புழுதித்தடம் (கோயம்புத்தூர்)

டேப் சோதனை செய்தேன், டேப் கிழிந்துவிட்டது. பின் ஷாக்குகளை வெளித்துளைக்கு மாற்றி, 35 எடை எண்ணெய் நிரப்பி, பாடியின் பின்பகுதியையும் வெட்டினேன். இப்போது இறங்குவது அமைதியாக இருக்கிறது. அனைவருக்கும் நன்றி.

எஞ்சியிருப்பது திருப்பத்தில் கவிழ்வது. மண்ணில் குறைவு, சாலையில் அதிகம்.

ஓடுதளம் (சிங்கப்பூர்)

பின்சக்கர இயக்க டிரக்குகளில் எடை மையம் உயரமாக இருப்பதால் பிடிப்பு நன்றாக உள்ள தரையில் கவிழ்வது இயல்புதான், ஆனால் குறைக்க முடியும்.

முதலில் உயரத்தைக் குறையுங்கள். பேட்டரியோடு வண்டியைத் தரையில் வைத்து, ஒரு முறை அழுத்தி விட்டபின் பின்புற ஆர்ம்கள் தரைக்கு ஏறத்தாழ இணையாக நிற்க வேண்டும். மேலே தூக்கி நின்றால் ஸ்பிரிங்குக்கு மேல் மாட்டியிருக்கும் இடைவெளி வளையங்களைக் கழற்றுங்கள். அது போதவில்லை என்றால் ஷாக்கைத் திறந்து, பிஸ்டனுக்குக் கீழே ஷாஃப்டில் ஒரு சிறு குழாய்த் துண்டைச் செருகுங்கள். ஷாக் முழுவதும் நீளாது. திருப்பத்தில் உட்புறச் சக்கரத்தின் பக்கம் வண்டி எழும்புவதும் குறையும். நான்கிலும் ஒரே நீளத் துண்டைப் போட வேண்டியதில்லை, ஆனால் இடதும் வலதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பிறகு கேம்பர். சக்கரத்தின் மேற்பகுதி ஒரு பாகை முதல் இரண்டு பாகை வரை உள்நோக்கிச் சாய்ந்திருக்கட்டும். பின்சக்கர டோ-இன்னைக் குறைக்காதீர்கள், பின்பகுதி நேராக ஓடுவதே அதனால்தான். சாலையில் ஓட்டுவதாக இருந்தால் டயரையும் மாற்றிப் பாருங்கள். மென்மையான, பிடிப்பு அதிகமுள்ள டயரைச் சாலையில் போட்டுவிட்டு, கவிழ்கிறதே என்று சஸ்பென்ஷனைத் திருத்திக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். ஆன்ட்டி-ரோல் பார் (இடது வலது ஆர்ம்களை இணைக்கும் கம்பி) கிடைத்தால் பொருத்தலாம், ஆனால் கரடுமுரடான உங்கள் மனையில் அது ஒரு பக்கத்துச் சக்கரத்தின் அசைவை மறுபக்கத்துக்குக் கடத்தும் என்பதால் நான் அதைக் கடைசியில்தான் வைப்பேன்.

புழுதித்தடம் (கோயம்புத்தூர்)

என் வரிசையை இப்படி அமைத்துக்கொண்டேன்: இப்போது முன்புறமும் பின்புறமும் தடித்த நைலான் ஆர்ம், அவற்றோடு புதிய எஃகுப் பின்கள். அடுத்து அலுமினியப் பின்புற ஹப் கேரியரும் புதிய 5×11×4 மி.மீ. பேரிங்குகளும். இப்போதுள்ள ஷாக்குகளின் உடல் தேய்ந்தபின்தான் அலுமினிய ஷாக். நீலத் தொகுப்பை வாங்கவில்லை.

பட்டறைக்காரர் அண்ணா, ஒரே ஓர் ஐயம். ஆர்ம் மாற்றும்போது ஸ்க்ரூக்களுக்குத் திரெட் லாக் (மரை தளராமல் பிடிக்கும் பசை) போட வேண்டுமா?

பட்டறைக்காரர் (மதுரை)

வரிசை சரியாக இருக்கிறது தம்பி. அலுமினிய ஹப்பில் ஏறும் ஸ்க்ரூவைப் போல உலோகத்துக்குள் உலோகம் போகும் இடத்தில் மட்டும் நீல வகைத் திரெட் லாக்கை ஒரு சொட்டு போடுங்கள். பிளாஸ்டிக்குக்குள் போகும் ஸ்க்ரூவில் போடவே கூடாது, அந்தத் திரவம் சில வகைப் பிளாஸ்டிக்குகளை அரித்து விரிசல் விடச் செய்யும்.

பிளாஸ்டிக்கில் பழைய துளையில் ஸ்க்ரூவைத் திரும்பப் போடும்போது முதலில் இடப்பக்கமாக மெல்லச் சுழற்றுங்கள். ஓரிடத்தில் ‘டிக்’ என்று இறங்கும். பழைய மரை தொடங்கும் இடம் அதுதான், அங்கிருந்து வலப்பக்கம் முறுக்கினால் புதிய மரை வெட்டப்படாது. பின்னைச் செருகியபின், ஷாக்கை மாட்டுவதற்கு முன், ஆர்மைக் கையால் தூக்கி விடுங்கள். தன் எடையிலேயே தடையின்றி விழ வேண்டும். விழவில்லை என்றால் பின்னை வெளியே எடுத்து, அதன் தடிமனுக்குச் சமமான ரீமரைக் கையால் சுழற்றித் துளையைச் சீர்செய்யுங்கள். டிரில் மெஷினைப் பயன்படுத்த வேண்டாம், சூட்டில் நைலான் உருகித் துளை கோணலாகிவிடும்.